பக்கத்துப் பல்லு

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்குக் காத்து வராது. இப்படி என் பக்கத்துல வாங்க. உங்க நம்பர் எத்தனைங்க? பதினொண்ணா. எனக்கு ஒம்பது. உள்ளே இப்ப ஆறு நடந்துட்டு இருக்குது. ஆறாம் நம்பர் ஆருன்னு நெனைக்கறீங்க, எங்கூட்டுக்காரிதான். அவ உள்ளே போயி முக்கா மணி நேரம் ஆச்சு. அவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்க. லாடம் அடிக்கறவன்கூட இந்நேரத்துக்கு நாலு காலையும் முடிச்சுட்டு பீடி பத்த வெச்சிருப்பான்.

கையில இருக்கற கவரு எக்ஸ்ரேங்களா? எந்தப் பல்லு? கீழே கடவாய்ப் பக்கமா. அப்ப உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்களே, பாலம் கட்டறதா, ஸ்க்ரூ முடுக்கறதா, கழட்டி மாட்டற செட்டு வெக்கறதான்னு. ரோசிச்சுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க. எல்லார்த்துக்கும் அதேதானுங்க. மூணையும் நம்ம முன்னால பரப்பி வெச்சுட்டு, நீங்களே சொல்லுங்கம்பாங்க. எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குங்க இவங்ககிட்ட வாரேன்?

வாத்தியாருங்களா? நெனச்சனுங்க. சட்டைப்பையில ரெண்டு பேனா இருந்தா அது வாத்தியாருதான். கோவிச்சுக்காதீங்க, எனக்கு வாத்தியாருகளைக் கண்டா பெரிய மதிப்பு கெடையாது. எங்க ஊரு வாத்தியாரு ஒருத்தரு என்கிட்ட எருமை வாங்க வந்து, வாலைத் தூக்கிப் பாத்துட்டு வயசு கேட்டாரு. அன்னைக்குப் போன மதிப்பு. நீங்க அப்படி இருக்க மாட்டீங்க. உங்களைப் பாத்தா வெவரமான ஆளாத்தான் தெரியுது, இல்லைன்னா நான் பேசியே இருக்க மாட்டேன்.

நான் சென்னியப்பனுங்க. மாட்டுத் தரகு. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தச் சந்தையில வேணும்னாலும் கேளுங்க. நாப்பத்திரண்டு வருசம் மாட்டு வாயிக்குள்ள கை விட்டவன். உதட்டை ஒரு தரம் பிரிச்சுப் பாத்தாப் போதும், ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறா, எட்டும் மொளைச்சுக் கடை சேந்து தேய ஆரம்பிச்சுருச்சான்னு வயசைச் சொல்லிருவேன். உள்ளே இருக்கற இந்த டாக்டரு புள்ளைக்கு ஒரு பல்லைப் பாக்கறதுக்குப் படம் வேணும், லைட்டு வேணும், டிவி பொட்டி வேணும். சில தரகனுக கெழட்டு மாட்டுப் பல்லை அரத்துல ராவி வயசைக் கொறைப்பானுக. அந்த ஈன வேலையெல்லாம் நான் செஞ்சதில்லீங்க. நான் கொறைச்சதெல்லாம் வாயிலதான்.

அந்த வாயே போச்சுங்க எனக்கு. போன வருசம் ஆடி மாசம் சந்தையில நிக்கறேன். ஒரு காளைக்கு ரெண்டு பேரு போட்டி. நான் அதோட வாயைப் பிரிச்சுக் காட்டி, நல்லாப் பாத்துக்குங்க ஆறு பல்லுன்னு சத்தமாச் சொல்றேன். சொல்லும்போதே என் மேல்வரிசை முன்பல்லு ஒண்ணு தெறிச்சு அந்தக் காளை மூஞ்சிமேலயே உளுந்துருச்சு. சுத்தி இருபது பேரு. அதுல ஒருத்தன் கேக்கறான், காளைக்கு ஆறு சரிங்கண்ணா, தரகருக்கு எத்தனைன்னு. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அதுல பாதிப்பேருக்கு நான் கன்னுக்குட்டி புடிச்சுக் குடுத்தவன். அடுத்த மாசம் பக்கத்துப் பல்லும் போச்சு. நாப்பது வருசம் பொகையிலை போட்டா அப்படித்தான் ஆகும்னாங்க. எங்கப்பனும் போட்டாரு, அவரு எம்பது வயசுல கரும்பு கடிச்சாரு. இது ஆத்துத் தண்ணியை நிறுத்திட்டு போர்த் தண்ணி உட்டாங்க பாருங்க, அதனால வந்த வெனை.

அப்பத்தான் இந்த நர்மதா டாக்டருகிட்ட மொதத் தடவை வந்தது. எம்மக கவுசல்யா இதே ஊர்ல பேங்க்குல இருக்கறா, அவ சொல்லித்தான் வந்தேன். நாச்சாத்தா, எங்கூட்டுக்காரி, பையைத் தூக்கிட்டுக் கூட வந்தா. இந்தப் புள்ளை என் வாயை அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பாத்துச்சு. பாத்துட்டுச் சொல்லுது: ரெண்டு பல்லு இல்லை, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பல்லும் ஆடுது, ஈறெல்லாம் கெட்டுக் கெடக்குது, சக்கரை முன்னூறு இருக்குது, அதனால ஸ்க்ரூ புடிக்காது. பாலமும் நிக்காது. பாலம்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. போன பல்லு அந்தரத்துல நிக்காதுல்லீங்க? அதனால பக்கத்துல இருக்கற நல்ல பல்லு ரெண்டையும் சுத்தி ராவிக் கட்டையாக்கி, அதுக்குத் தொப்பி மாட்டி, அந்தத் தொப்பியில இந்தப் பொய்ப் பல்லை ஒட்டி வெக்கறது. கடிக்கற பாரமெல்லாம் அந்த ரெண்டு மேலதான் எறங்கும். அதனால என்கிட்ட அந்தப் புள்ளை, உங்களுக்கு இருக்கற பக்கத்துப் பல்லு பாரம் தாங்காதுங்கய்யா, ஆடறதை எடுத்துட்டு, ஈறு ஆறினதும் கழட்டி மாட்டற செட்டு வெச்சுக்கலாம், பொகையிலையை விட்டுருங்கன்னுச்சு.

கழட்டி மாட்டறதுக்கு அது என்னங்க, செருப்பா? நான் சபையில பேசற ஆளு. பேச்சு நடுவுல அது கெழண்டு வெத்தலைத் தட்டத்துல உளுந்தா என்ன ஆகும்? இதையெல்லாம் அந்தப் புள்ளை ரோசிக்கலை. அதுக்கு வயசு இருபத்தெட்டு இருக்கும், வாயி நெறையப் பல்லு. இன்னொண்ணையும் கேளுங்க. என்னைப் பாத்து முடிச்சுட்டு, மூலையில நின்னுட்டு இருந்தவளைப் பாத்து, அம்மா நீங்களும் உக்காருங்க, வாயைக் காட்டுங்கன்னுச்சு. இவளுக்கு மேல முன்பல்லு ரெண்டு இல்லை, கடவாய்ப் பல்லும் நாலஞ்சு சொத்தையாகி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில புடுங்கினது. அது ஆச்சு எத்தனையோ வருசம். அவளுக்கெல்லாம் எதுக்குங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன்.

முன்னே ஒருக்கா அவளே கேட்டிருக்கறா, பல்லு வெச்சுக்கட்டுங்களான்னு. கவுசல்யா கண்ணாலத்துக்கு முன்னாடி. மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கெடையாது, அது திங்கலையா, பால் கறக்கலையான்னு கேட்டேன். வெளையாட்டுக்குத்தான். அவளும் அதுக்கு மேல கேட்டுக்கலை. சொன்னாப் புரிஞ்சுக்குவா. அந்த விசயத்துல அவளைக் கொறை சொல்ல முடியாதுங்க.

இதுக்கு நடுவுல எங்க சம்பந்தி இருக்கறாரே தெய்வசிகாமணி, கவுசல்யாளோட மாமனாரு, அவரு கோயமுத்தூரு போயி ஆறு பல்லுக்கு ஸ்க்ரூ முடுக்கிட்டு வந்துட்டாரு. தாடையில ஓட்டை போட்டு போல்ட்டு எறக்கறானாம். மனுசன் வாயா, டிராக்டர் எஞ்சினா? பொங்கலுக்கு வந்தவரு, வாசல்ல நின்னு கரும்பைத் தோகையோட கையில எடுத்து, என்னைப் பாத்துட்டே கடிச்சாரு. வேணும்னேதான். அவருக்கு அப்படி ஒரு அல்பப் புத்தி. நெலம் ஏக்கர் கணக்கா இருந்தா என்ன, புத்தி சாண் அளவுதான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், பாலந்தான்னு. செய்யறதுக்கு ஆளா இல்லை? வேற ஒரு ஊர்ல பஸ் ஸ்டாண்டு எதுக்கால ஒருத்தன் பெரிய போர்டு வெச்சிருந்தான். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், அவனுக்கு நான் எதுக்கு வெளம்பரம் பண்ணோணும். நர்மதா டாக்டரு நிக்காதுங்கறாங்களே, நல்லா ரோசிச்சுக்குங்கன்னு இவ பஸ்ஸுல மெதுவாச் சொன்னா. உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன். அவன் வாயைத் தொறந்து பாத்தான், லைட்டுகூடப் போடலை. ரெண்டே நாள்ல பண்ணிரலாங்கய்யான்னான். எனக்கு அந்தப் பேச்சு புடிச்சுருந்துச்சு. வியாபாரம்னா அப்படிப் பேசோணும். ரெண்டு பக்கமும் ராவினான், அச்சு எடுத்தான், அடுத்த வாரம் நாலு பல்லை ஒட்டுக்கா மாட்டி உட்டுட்டான். கண்ணாடியில பாத்தா எனக்கே ஆளு தெரியலீங்க. அந்த மூணு மாசமும் நான் சிரிக்காத எடமில்லை. எழவு வீட்டுல ஒருத்தரு, கொஞ்சம் வாயை மூடிக்குங்க சென்னியப்பான்னு சொல்ற அளவுக்கு.

அப்பறம் பேரனுக்குக் காது குத்து வந்துச்சு. கெடா வெட்டு. பந்தியில எனக்கு எதுக்கால சம்பந்தி உக்காந்திருக்கறாரு. எலும்பை எடுத்து நறுக்குன்னு கடிக்கறாரு, உறிஞ்சறாரு, என்னைப் பாக்கறாரு. எனக்கு ஒரு வாரமாவே அந்தப் பக்கம் ஈறு வீங்கித்தான் இருந்துச்சு. இருந்தாலும் எதுக்கால உக்காந்துட்டு ஒரு மனுசன் அப்படிப் பாக்கும்போது நாம எலையில கத்திரிக்காயைப் பெசஞ்சுட்டு இருக்க முடியுங்களா? தொடை எலும்பு ஒண்ணை எடுத்தேன். வெச்சு ஒரு கடி.

பாலம் மொத்தமாக் கையில வந்துருச்சு. வெறும் பாலம் மட்டுமில்லை, ரெண்டு ஓரத்துலயும் ராவின பல்லு ரெண்டும் வேரோட தொங்குது. எலையெல்லாம் ரத்தம். நாச்சாத்தா பரிமாறிட்டு இருந்தவ, ஆருக்கும் தெரியாம வந்து என் தோள்துண்டை எடுத்து எலைமேல போட்டு மூடி, என்னைப் பொறத்தால கூட்டிட்டுப் போயித் தண்ணி ஊத்தினா. சம்பந்தி சிரிக்கலைங்க. எந்திரிச்சு வந்து என் முதுகைத் தடவி, வலிக்குதுங்களா சம்பந்தின்னு கேட்டாரு. அவரு சிரிச்சிருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன்.

மறுபடியும் இந்தப் புள்ளைகிட்டயே வர வேண்டியதாப் போச்சு. நாந்தான் சொன்னனேன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்களா? சொல்லலை. அதுவும் ஒரு விதமான திமிருதான். ஆடின மிச்சத்தையும் எடுத்துட்டு, சக்கரையைக் கொறைச்சுட்டு, ஈறு ஆற மூணு மாசம் ஆகும், அப்பறம் அளவு எடுக்கலாம், அதுவரைக்கும் கொழைய வெச்சுச் சாப்புடுங்கன்னுச்சு. மேல்வாயி மொத்தமும் பொக்கை.

அந்த மூணு மாசச் சோறு எப்படின்னு கேளுங்க. நான் நெனச்சேன், இவளுக்குப் பாவம் தனியா ஒரு வேலை ஆச்சேன்னு. அப்பறம் பாத்தா அவ ஏற்கெனவே தெனமும் ஒரு சின்னக் குண்டாவுல சோத்தைத் தனியாக் கொழைய வெச்சு, பருப்புத் தண்ணி ஊத்திப் பெசஞ்சு எடுத்து வெச்சுக்கறாளாம். கடவாய்ப் பல்லு போன நாள்ல இருந்து அப்படித்தானாம். இத்தனை வருசமா ஒரே வீட்டுல இருக்கறோம், எனக்கு அப்பத்தானுங்க தெரியும். அந்தக் குண்டாவுல இன்னும் ரெண்டு கை அரிசி சேத்துப் போட்டா, முடிஞ்சுது வேலை. ஒரு வழியில நல்லதாப் போச்சு, அவளுக்குச் செரமம் இல்லாம. ஆனா அந்தச் சோத்தை மனுசன் திம்பானுங்களா? நாலாம் நாளே தட்டத்தைத் தள்ளி உட்டுட்டேன். அவ அதை எடுத்து வெச்சு அவ தின்னுக்கிட்டா.

சரி, இனித்தான் விசயம். உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்க படிச்சவரு, ஞாயம் தெரியும்.

போன மாசம் என் ஈறு ஆறிருச்சான்னு பாக்க வந்தோம். என்னைப் பாத்துட்டு இந்தப் புள்ளை மறுபடியும் அவளைக் கூப்புட்டுச்சு, அம்மா இன்னைக்காவது உக்காருங்கன்னு. நான் வேண்டாங்கறதுக்குள்ள இவ பையை என் மடியில வெச்சுட்டுப் போயி அந்தச் சேர்ல சாஞ்சுட்டா. நான் பக்கத்துலயே ஸ்டூல்ல உக்காந்திருக்கறேன். கையில நோட்டு வெச்சுட்டு அந்தப் புள்ளை கேக்குது: கடவாய்ப் பல்லு சொத்தையிலயா? ஆமாங்க. முன்னாடி ரெண்டும் எப்படிம்மா போச்சு?

இதுக்கு ஒரு பதில் இருக்குதுங்க. குளிக்கற பொடக்காளிப் படியில வழுக்கி உளுந்துட்டேன். முப்பத்தோரு வருசமா ஊருக்கே அதுதான் பதிலு. அவ பொறந்தவனுக்கு அதுதான், அவங்கம்மா சாகறவரைக்கும் அவங்களுக்கும் அதுதான். நான் சொல்லிக் குடுத்ததுகூட இல்லை, அவளாச் சொன்னது.

அன்னைக்கு இவ வாயைத் தொடச்சுட்டு நிதானமாச் சொல்றா:

"எங்கூட்டுக்காரரு சாட்டைக் கட்டையில அடிச்சாருங்க. அதுல போச்சு."

நான் அங்கயே உக்காந்திருக்கறேன். பக்கத்துல. அவ பை என் மடியில.

நீங்களே சொல்லுங்க வாத்தியாரே, ஒரு வெளியாளு முன்னாடி, அதும் ஒரு சின்னப் புள்ளை முன்னாடி, இதைச் சொல்லலாங்களா? அந்த நர்ஸ் பொண்ணு வேற பஞ்சு எடுத்துக் குடுத்துட்டு நிக்குது. நடந்தது இல்லைன்னு நான் சொல்லலை. ஒரே ஒரு அடி. எதுக்குன்னு கேக்க மாட்டேங்கறீங்களே. ஒருத்தன் வீட்டுக்கே மாடு பாக்க வந்திருந்தான். நாலு ஈத்து, நாலு கன்னுதான் போட்டிருக்குதுன்னு சொல்லி வெலை பேசிக் கை கோத்தாச்சு. வெலையைத் தொட்டுக் காட்டத் துண்டுக்குள்ள வெரலு இருக்குது, இன்னும் ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். இவ மோரு கொண்டாந்து குடுத்துட்டு, அது எட்டு ஈத்துப் போட்ட மாடுங்கண்ணா, பாத்து வாங்குங்கன்னு சொல்றா. அவன் எந்திரிச்சுப் போயிட்டான். எந்த ஆம்பளைக்குங்க கோவம் வராது? கையில என்ன இருந்துச்சோ அதுல வீசினேன். அது வாயில பட்டது என் தப்பா? அதுக்கப்பறம் இன்னைவரைக்கும் அவமேல நான் கை வெச்சதில்லை. தேவையே வரலீங்க. அதுக்கப்பறம் வியாபாரத்துல அவ வாயே தொறக்கலை.

டாக்டரு என்னைத் திட்டும்னு நெனச்சேன். திட்டட்டும், நாலு பதில் வெச்சிருந்தேன். அது என் பக்கமே திரும்பலை. நோட்டுல எழுதிட்டு, எப்பம்மான்னு கேட்டுச்சு. மூத்தவ கவுசிக்கு மூணு வயசுலன்னா இவ. அதையும் எழுதிக்கிச்சு. அப்பறம் கண்ணாடி குடுத்து, எனக்குச் சொன்ன அதே மூணையும் அவளுக்குச் சொல்லுது. என்கிட்டப் பத்து நிமிசம் சொன்னதை அவகிட்ட அரை மணி நேரம் சொல்லுச்சு. பல்லு போயி ரொம்ப வருசமானதால அந்த எடத்துல எலும்பு வத்திப்போச்சு, ஸ்க்ரூவுக்கு எலும்பு சேக்கோணும், நாளாகும். ஆனா பொகையிலை தொடாத வாயி, பக்கத்துப் பல்லு ரெண்டும் கல்லு மாதிரி இருக்குது, உங்களுக்குப் பாலம் நல்லா நிக்கும். செட்டுன்னாலும் சரி, உங்க இஷ்டந்தான்னுச்சு. இவ கேக்கறா பாருங்க கேள்வி: ராவினா வலிக்குங்களா? ராவின பல்லு மறுபடி வளருமா? எத்தனை வருசம் தாங்கும்? அது போச்சுன்னா அப்பறம் என்ன பண்றது? நாப்பது வருசமா என்கிட்ட அத்தனை கேள்வி அவ கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்துதான் கேட்டேன், எதுக்குடி அப்படிச் சொன்னேன்னு. கையில முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தா. நிமுந்துகூடப் பாக்கலை.

"அவங்க எழுதறதுக்காகக் கேட்டாங்க. எழுதறதுல எதுக்குங்க பொய்யி?"

படிக்காத பொம்பளைகிட்டப் பேச முடியாதுங்க. சரின்னு மகளுக்குப் போனைப் போட்டேன். உங்கம்மா என்ன பண்ணியிருக்கறா தெரியுமான்னு ஆரம்பிச்சேன். அவதான் எனக்குச் செல்லம், நான் தோள்ல தூக்கிட்டே சந்தைக்குப் போன புள்ளை. எல்லாத்தையும் கேட்டுட்டு அவ சொன்னா:

"எனக்குத் தெரியும்ப்பா. நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன்."

மூணு வயசுக் கொழந்தைக்கு என்னங்க நெனப்பு இருக்கும்? சும்மா சொல்றா. ஆத்தாளும் மகளும் பேசி வெச்சிருப்பாங்க. ஆனா அந்தப் பல்லு ரெண்டும் மோரு சொம்புக்குள்ள உளுந்துச்சுன்னு சொன்னாளுங்க. அது எனக்கும் அவங்காத்தாளுக்கும் தவுத்து ஆருக்கும் தெரியாது. எனக்கே அது மறந்து போயிருந்துச்சு. போனை வெச்சுட்டேன்.

அப்பறம் நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். பாலம் வேண்டாம் நாச்சாத்தா, என் கதையைப் பாத்தியில்ல, கல்லு மாதிரி இருக்கற ரெண்டு பல்லை எதுக்கு வீணாக்கறே, அறுபது வயசுக்கு மேல உன்னை ஆரு பாக்கப் போறாங்கன்னு. தன்மையாத்தான் சொன்னேன். அவ ஒரு வாரம் ரோசனை பண்ணினா. கண்ணாடியை எடுத்துட்டுப் போயி வெளிச்சத்துல நின்னு உதட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்தா, நான் மாட்டைப் பாக்கற மாதிரி. அப்பறம் ஒரு நாள் காத்தால, பாலமே கட்டிக்கறேனுங்க, கவுசிகிட்டச் சொல்லி நாள் வாங்கிட்டேன்னா. சொசைட்டிக்குப் பால் ஊத்தற காசு அவகிட்டயே இருக்குது, என்கிட்டக் கேக்கவும் இல்லை. நான் மறுபடியும் பேச்செடுத்தேன். ஒரே வார்த்தைதான் சொன்னா.

"என் பல்லுதானுங்களே."

கேட்டீங்களா? இந்தத் தெனாவெட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு நானும் ரோசிக்கறேன். எல்லாம் இந்த டாக்டரு புள்ளை குடுத்த எடம்.

இன்னும் இருக்குதுங்க. போன வாரம் எங்க கட்டுத்தரையில ஒரு பசுவைக் குடுத்தறலாம்னு ஒருத்தனை வரச் சொல்லியிருந்தேன். எனக்குப் பல்லு இல்லாததால பேச்சு சரியா வர்றதில்லை, காத்தாப் போகுது. அவன் எத்தனை ஈத்துன்னு கேக்கறான். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவ கட்டுத்தரையில சாணி வழிச்சுட்டு இருந்தவ, ஆறு ஈத்துங்கண்ணா, பின்மடி ஒண்ணுல பால் கொஞ்சம் கம்மியா வரும்னு சொல்லிட்டு, நேரா என் மூஞ்சியைப் பாக்கறா. வழிச்ச கையோட நின்னு பாக்கறா. சாட்டை அங்கதான் செவுத்துல தொங்குது. நான் என்னங்க பண்ணுவேன்? எனக்கென்ன பயமா? இல்லைங்க. வயசாச்சு, போனாப் போகுதுன்னு உட்டேன். அந்தக் கூறு கெட்டவன் அதுக்கப்பறமும் நின்னு பேசி, அந்தப் பசுவைப் புடிச்சுட்டுப் போயிட்டான். உண்மையைச் சொன்னா எவன் வாங்குவான்னு நாப்பத்திரண்டு வருசம் தொழில் பண்ணினவன் நான். இப்படி முட்டாளுகளும் சந்தைக்கு வர ஆரம்பிச்சுட்டானுக.

அதனால உங்களுக்கு நான் சொல்றது என்னன்னா, பாலம் கட்டாதீங்க. அதாவது, கட்டலாம். பக்கத்துப் பல்லு கெட்டியா இருக்குதான்னு பாத்துக்குங்க. நல்லா இருந்தா எத்தனை பாரம் வெச்சாலும் அது தாங்கிக்கும். இல்லீன்னா அதையும் இழுத்துட்டு வந்துரும். என் பக்கம் தாங்கலை, அவ பக்கம் தாங்கும்ங்கறாங்க. அவளுக்குப் போன வாரமே ராவி அச்சு எடுத்தாச்சு, இன்னைக்கு மாட்டறாங்க. எனக்கு இன்னைக்கு அந்தச் செட்டுக்கு அளவு எடுக்கறாங்களாம். கழட்டி மாட்டறதுதான். வேற வழி என்ன இருக்குது. சம்பந்தி போன் பண்ணி, மொதல்ல சங்கடமா இருக்கும் சம்பந்தி, போகப்போகப் பழகிரும்னு சொல்றாரு. அவருகிட்ட ஆரு கேட்டா.

கதவு தொறக்குது. அவதான். வாத்தியாரே, இந்த அடிச்ச கதையெல்லாம் நான் உங்ககிட்டச் சொன்னதாக் காட்டிக்காதீங்க. சும்மா இருங்க.

என்ன நாச்சாத்தா, முடிஞ்சுதா? இவ்வளவு நேரமா? எங்கே காட்டு. சரி, சரி, அந்தப் பொண்ணுகிட்டப் பேசிட்டு வா.

பாருங்க, நர்ஸ்கூட நின்னு என்ன பேச்சு. ரெண்டு மணி நேரத்துக்குக் கெட்டியா ஒண்ணும் திங்கக் கூடாதாம். அதுக்கு எதுக்குச் சிரிக்கோணும்?

என்னது? கவுசி கீழே வந்து நிக்கறாளா? வண்டியிலயா? அப்ப நானு?

பஸ்ஸுலயா. சரி. சரி, போ. பையைக் குடுத்துட்டுப் போ, அதுல என் சீட்டு இருக்குது. ஆமா, நான் வந்துக்கறேன். இவரா? இவரு வாத்தியாரு, பல்லுக்கு வந்திருக்கறாரு. சும்மா பேசிட்டு இருந்தோம். மாட்டைப் பத்தித்தான்.

போயிட்டா.

உங்களைப் பாத்துத்தானுங்க சிரிச்சா, வாரேனுங்கன்னு சொல்லிட்டு. என் பக்கம் திரும்பும்போது வாயை மூடிட்டா. சன்னலு வேற அவளுக்குப் பின்னால இருந்துச்சு, வெளிச்சத்துல மூஞ்சி இருட்டாத் தெரிஞ்சுது.

ஏனுங்க, நீங்க பாத்தீங்களே. எப்படி இருக்குது அந்தப் பல்லு? பொருத்தமா இருக்குதுங்களா அவளுக்கு?